அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை

'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரில் மொத்தமே 12 அத்தியாயங்கள்தாம். 1975இல் ஆறு, 1979இல் ஆறு. கல்லூரி முடித்த வருடம் தோழி கொடுத்த குறுந்தகட்டில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். டார்கீ என்ற கடற்கரை ஊரில் விடுதி நடத்தும் பேசில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். பணியாள் மானுவேலின் தலையில் கரண்டியால் ஒன்று போடுவார். கார் நின்றுபோனால் மரக்கிளையை எடுத்துவந்து காரை விளாசுவார்.

போன வருடம் அம்மா என்னோடு வந்து தங்கியபோது போட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அடிதடிச் சிரிப்புக்கு மொழி எதற்கு என்று நினைத்தேன். காரை அடிக்கும் காட்சியில்கூட அம்மாவின் முகம் அப்படியே இருந்தது.

"பிரபுன்னு ஒருத்தன் வந்தப்ப எப்படிக் குழைஞ்சான் பாத்தியா? அடிக்கிறது மட்டும் இந்தப் பையனை. இவனுக்குக் கோபம் ஆள் பாத்துதான் வருது."

எங்கள் வீட்டில் அப்பாவின் கோபம் ஒரு வேடிக்கைக் கதை. சாம்பாரில் உப்பு கூடியதற்குத் தட்டு பறந்ததைக் கல்யாண வீடுகளில் நானே நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். சிதறிய சோற்றை யார் வழித்தெடுத்தார் என்பது என் கதையில் வராது. மேலதிகாரி சாப்பிட வந்த அன்று உப்பே போடாத ரசத்தை அப்பா வாய் திறக்காமல் குடித்தாராம். அம்மா அன்றுதான் சொன்னாள்.

தொடரைத் தனியாக மறுபடி பார்த்தேன். விடுதி ஓடுவது மனைவி சிபிலால். பேசில் போட்ட முடிச்சுகளை அவிழ்ப்பவள் பணிப்பெண் பாலி. பாலியாக நடித்த கானி பூத்தான் ஜான் கிளீஸோடு சேர்ந்து 12 அத்தியாயங்களையும் எழுதியவர். முதல் ஆறு வந்தபோது இருவரும் தம்பதி, அடுத்த ஆறு வந்தபோது மணமுறிவு ஆகியிருந்தது. இத்தனை வருடமும் நான் அதை 'கிளீஸின் தொடர்' என்றுதான் சொல்லி வந்தேன். எழுதியவர்கள் பெயர் ஒவ்வொரு முறையும் திரையில் வரத்தான் செய்தது. (இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதை மறைப்பானேன்.)

அம்மாவுக்குப் பிடித்தது மிஸ் மார்ப்பிள். ஜோன் ஹிக்சன் அந்த வேடத்தில் முதன்முதலாகத் திரைக்கு வந்தபோது அவருக்கு வயது 78. பின்னல் ஊசியோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவியை யார் பொருட்படுத்துகிறார்கள்? அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். அவரும் ஒவ்வொருவரையும் தன் கிராமத்து ஆட்களோடு ஒப்பிட்டே எடைபோடுவார். அம்மா எங்கள் தெருவை வைத்து அதையே செய்தாள். இரண்டு முறை கொலையாளியை எனக்கு முன்பே பிடித்தாள்.

'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' பார்த்த இரவு மட்டும் பாதியில் நிறுத்தச் சொன்னாள். பணக்கார வீட்டில் அடுத்தடுத்துக் கொலைகள். பணிப்பெண் கிளாடிஸும் கொல்லப்படுகிறாள். அவள் மூக்கில் துணி காயப்போடும் கிளிப்.

"அது எதுக்குடி?"

"செத்தவளைக் கேலி பண்ண."

அவளுக்கு வேலை பழக்கியதே மார்ப்பிள்தான், அந்த வீட்டுக்கு அவர் கிளம்பி வருவது முதலாளிக்காக இல்லை, கிளாடிஸுக்காக என்று விளக்கினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கால்களை மடக்கி, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, போடு. இந்தக் கிழவி அவனை விடமாட்டா."