உராக்காமி மேட்டில்

நாகசாகி என்றதும் நம் நினைவுக்கு வருவது அணுகுண்டு. நாங்களும் அந்நினைவோடுதான் அந்த ஜப்பானிய நகரில் இறங்கினோம். ஆனால் எங்கள் மனத்தைப் பற்றி நிறுத்தியது அதற்கும் முந்திய ஒரு வரலாறு.

நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மந்திரங்களைத் தமிழில் கற்பித்த புனித சவேரியார், 1549-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பானில் கரையிறங்கினார். அவர் விதைத்தது விரைவில் வளர்ந்தது, வேதகலாபனையும் பின்தொடர்ந்தது. 1597-இல் நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவையில் அறையுண்டு மரித்தனர். 1614-இல் நாடெங்கும் நம் மறை தடை செய்யப்பட்டது. 1644-இல் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார்.

அதன்பின் பூசையில்லை, மணியோசையில்லை. நகரையடுத்த உராக்காமி கிராமத்துக் குடியானவர்கள் வெளிக்குப் புத்த மதத்தினராய் நடந்துகொண்டு, தங்களுக்குள் சிலரை நியமித்துக்கொண்டனர். ஒருவர் திருநாள்களைக் கணித்தார். ஒருவர் ஞானஸ்நானம் கொடுத்தார். மற்றொருவர் வீடுவீடாகச் செய்தி சொன்னார்.

ஆண்டுதோறும் அவர்களுக்கு ஒரு சோதனை இருந்தது. ஆண்டவர் அல்லது தேவதாயாரின் உருவம் பதித்த பலகையைத் தரையில் வைத்து, ஊர்த்தலைவர் வீட்டில் ஒவ்வொருவரையும் மிதிக்கச் செய்தனர். கைக்குழந்தைகளின் பாதங்களையும் விடவில்லை. மிதித்தார்களா? மிதித்தார்கள். இதை எழுத எங்களுக்குக் கூச்சமாகவே இருக்கிறது. ஆனால் வீடு திரும்பியதும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னார்கள். குருவானவர் இல்லாத இடத்தில் உத்தம மனஸ்தாபத்தால் பாவப்பொறுத்தல் உண்டு என்று முன்னோர் கற்றுக்கொடுத்திருந்தனர். மறு ஆண்டும் மிதித்தார்கள். மறுபடியும் அம்மந்திரத்தைச் சொன்னார்கள். தம் பிள்ளைகளுக்கும் அதைக் கற்பித்துவிட்டே கண்மூடினார்கள். வேதசாட்சிகளின் திருநாளைப் பாட்டோடு கொண்டாடும் நாம் இவர்களை என்னவென்று அழைப்போம்? கோழைகள் என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

அந்நியருக்கெனக் கட்டப்பட்ட ஓவுரா கோவிலுக்கு 1865 மார்ச் 17-இல் இம்மக்களில் சிலர் வந்தனர். அங்கிருந்தவர் பெத்திழான் சுவாமி. நம் புதுவையில் உழைத்த அதே பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர். தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று அவரிடம் மெல்லச் சொல்லிவிட்டு, தேவதாயாரின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். அது தபசுகாலம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது! இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்குப் பிசகவில்லை.

இனி ஒளிந்திருக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. ஆகவே மீண்டும் கலாபனை. ஏறத்தாழ 3,400 பேர் நாடுகடத்தப்பட்டுப் பல பிரதேசங்களுக்குச் சிதறடிக்கப்பட்டனர். 600-க்கு மேற்பட்டோர் திரும்பவேயில்லை. 1873-இல் தடை நீங்கி ஊர் திரும்பியவர்கள், வறுமையிலும் காசு சேர்த்து ஓரிடத்தை விலைக்கு வாங்கினார்கள். எந்த இடம் தெரியுமா? பலகையை மிதித்த அதே ஊர்த்தலைவர் வீட்டு மனை! அங்கே 1895-இல் கோவில் வேலையைத் தொடங்கி, 1914-இல் முடித்தார்கள்.

1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் அக்கோவிலிலிருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில் குண்டு வெடித்தது. 12,000 பங்கு மக்களில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். அவ்வேளை கோவிலுக்குள் மோட்சாரோபணத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. கேட்டிருந்த குருக்களும் காத்திருந்தவர்களும் ஒருங்கே மரித்தனர்.

1959-இல் மீண்டும் எழுப்பப்பட்ட கோவிலுக்கு நாங்கள் மேடேறிச் சென்றபோது மாலையாகியிருந்தது. தலையில் வெண்முக்காடிட்ட மூதாட்டியர் சிலர் முழந்தாளிலிருந்து எதையோ ஒருமித்துச் சொல்லிக்கொண்டிருந்தனர். மொழியறியாத நாங்கள் பின்வரிசையில் முழந்தாளிட்டு, எங்கள் தமிழில் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினோம்.