ஊசிதான் போட்டாச்சே, மாஸ்க் எதற்கு?

"ஊசிதான் போட்டாச்சே, இன்னும் எதுக்கு மாஸ்க்?" 2021-ஆம் ஆண்டில் இந்தக் கேள்வி கேட்காத ஊரே இருந்திருக்காது. கேட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஓராண்டுக்கு மேல் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஆறடி தள்ளி நின்று, சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்குக்கூடப் போக முடியாமல் இருந்தவர்கள் அவர்கள். தடுப்பூசி வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பியதில் வியப்பில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு நாட்டின் அனுபவமே பதில் சொல்கிறது. அந்த நாடு இஸ்ரேல்.

2020 டிசம்பரில் அங்கே தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஃபைசர் ஊசி, இரண்டு தவணை. 2021 மார்ச் இறுதிக்குள் மக்கள்தொகையில் பாதிப்பேருக்கு இரண்டு தவணையும் முடிந்துவிட்டது. தொற்று மளமளவென்று சரிந்தது. ஏப்ரல் 18-இல் திறந்த வெளியில் மாஸ்க் வேண்டாம் என்றார்கள். ஜூன் 15-இல் கட்டடங்களுக்குள்ளும் வேண்டாம் என்றார்கள். இந்தச் சந்தோஷம் எத்தனை நாள் நீடித்தது தெரியுமா? பத்தே நாள்! ஜூன் 25-இல் கட்டடங்களுக்குள் மாஸ்க் கட்டாயம் என்ற உத்தரவு திரும்பி வந்தது.

என்ன நடந்தது? டெல்டா வந்தது. மோதியின், பின்யாமினா என்ற இரண்டு ஊர்களின் பள்ளிகளில் தொற்று கிளம்பியது. அப்போது 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தடுப்பூசியே கிடையாது. தொற்று பிள்ளைகளோடும் நிற்கவில்லை, ஊசி போட்ட பெரியவர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் 10,000 பேருக்கு மேல் தொற்று பதிவானது.

அப்படியானால் தடுப்பூசி வீண்தானா? இல்லவே இல்லை. பலரும் தடுமாறிய இடம் இதுதான். கையில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை நன்றாக வளர்க்கிறது. அதனால் கிருமி நுரையீரலைத் தாக்கி உயிரைப் பறிப்பது பெரிதும் குறைகிறது. ஆனால் கிருமி முதலில் நுழையும் இடமான மூக்கின் உட்புறத்தில் அந்தக் காவல் அவ்வளவு பலமாக இல்லை. மாதங்கள் போகப்போக அது இன்னும் தளர்கிறது. ஆகவே ஊசி போட்டவர் லேசான சளியோடு தப்பித்துவிடுவார், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு நோயைக் கொடுத்துவிட முடியும். ஊசி முக்கியமாகப் போட்டவரைக் காக்கிறது. மாஸ்க் போட்டவரையும் அவர் எதிரே இருப்பவரையும் சேர்த்துக் காக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை.

"ஆஸ்பத்திரியில் இருப்பவர்களில் பாதிப்பேர் ஊசி போட்டவர்களாமே!" என்ற பேச்சும் அப்போது அடிபட்டது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 பேர் உள்ள ஒரு கற்பனை ஊரில் 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் நூற்றுக்கு 10 பேரும், போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே படுத்திருப்பவர்கள் 10 பேர் போடாதவர்கள், 9 பேர் போட்டவர்கள். பார்ப்பதற்குச் சரிபாதி! உண்மையில் ஊசி ஆபத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்திருக்கிறது.

மாஸ்க்கும் மந்திரம் அல்ல. வங்கதேசத்தில் 600 கிராமங்களில், சுமார் 3.4 லட்சம் பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் இலவசமாக மாஸ்க் கொடுத்து, போடச் சொல்லித் தூண்டினார்கள். மாஸ்க் போடுவோர் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். அறிகுறியோடு வந்த தொற்று சுமார் 9 சதவீதம் குறைந்தது. பெரிய எண் இல்லைதான். ஆனால் அங்கே பாதிப்பேருக்கு மேல் மாஸ்க் போடவே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இடைவெளியும் அப்படித்தான். சன்னல் சாத்திய அறையில் கிருமி காற்றிலேயே மிதக்கும்போது ஆறடி மட்டும் போதாது, காற்றோட்டமும் வேண்டும்.

இந்தியாவில் நிலைமை இன்னும் சிக்கலானது. 2021 ஜனவரி 16-இல் தடுப்பூசி தொடங்கியது. பெரும்பாலோருக்கு ஓர் ஊசிகூடக் கிடைக்காத நிலையில் இரண்டாம் அலை வந்தது. மே 1 அன்று ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல் தொற்று. அந்த மாதமே கோவிஷீல்டு தவணைகளுக்கு நடுவே 12 முதல் 16 வாரம் இடைவெளி என்று அறிவித்தார்கள். ஒரே ஒரு தவணை டெல்டாவுக்கு எதிராகப் பலவீனமானது. அந்த மூன்று மாதத்தைக் கடக்க மாஸ்க்கும் இடைவெளியும்தான் பாலம்.

அமெரிக்காவும் இதே பள்ளத்தில் விழுந்தது. முழுமையாக ஊசி போட்டவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் மாஸ்க் தேவையில்லை என்று 2021 மே 13-இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. ஜூலை 27-இல், தொற்று அதிகமுள்ள பகுதிகளில் அவர்களும் கட்டடங்களுக்குள் போட வேண்டும் என்று மாற்றிச் சொன்னது. மாஸ்க்கைக் கழற்றுவதை ஊசிக்குப் பரிசாகக் காட்டியதுதான் பிழை. கொடுத்த பரிசைத் திரும்பப் பிடுங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? அடுத்த முறை அந்த வாயிலிருந்து வரும் நல்ல சொல்லும் ஏறாது.

"நான் ஊசி போட்டுவிட்டேனா?" என்பதோடு கேள்வி முடிவதில்லை. ஊரில் இப்போது கிருமி எவ்வளவு இருக்கிறது? இந்த அறைக்குள் ஊசி போட முடியாத குழந்தையோ, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவரோ, வயதான பாட்டியோ இருக்கிறார்களா? இவற்றையும் கேட்க வேண்டும். தொற்று தணிந்தால் தாராளமாகக் கழற்றலாம், ஏறினால் மறுபடி போடலாம். மழைக்குக் குடை பிடிப்பவர் வெயில் வந்ததும் அதை மடக்குகிறார், தூக்கி எறிவதில்லை அல்லவா?

2023 மே 5-இல் கோவிட் உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். அடுத்த வெள்ளம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. வரும்போது, ஊசியா மாஸ்க்கா என்ற பட்டிமன்றத்தையாவது இந்த முறை மிச்சப்படுத்தலாம்.