கொத்தனார் குண்டும் மூக்கு லாரியும்

ஐம்பது வயதைக் கடந்த வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் விதி வந்தது. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. மறுவருடம் ஏப்ரலில், 15 வயது தாண்டிய கனரக லாரிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும் கட்டணம் 12,500 ரூபாய் ஆனது. பழைய லாரி என்றால் காயலான் கடைதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்ட நேரத்தில், திருச்செங்கோட்டில் ஒருவர் தாத்தாவின் மூக்கு லாரியை மறுபடி கட்டுகிறார் என்றார் நண்பர். "பின் ஆக்சில் ஹவுசிங் ஏத்தப் போறாங்க, வர்றீங்களா?"

டெல்கோவும் டைம்லர் பென்ஸும் 1954 முதல் 1969 வரை கூட்டாக இருந்த காலத்து வண்டி. மூக்கில் மூன்று முனை நட்சத்திரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய ஹவுசிங் விரிசல் விட்டு, வெல்டிங்குக்கு மேல் வெல்டிங் வாங்கி ஓய்ந்துவிட்டது. புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தது பின்னாளில் வந்த டாடா ஒன்றின் ஹவுசிங். ஸ்பிரிங் பட்டை உட்காரும் மேடைகள் இரண்டும் அதில் வேறு இடத்தில் இருந்தன. வெட்டி எடுத்து, இந்த லாரிக்குத் தோதாகத் திரும்ப வைக்க வேண்டும்.

மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நாமக்கல்லில் பட்டை அடிக்கும் உலையில் துருத்தி ஊதத் தொடங்கியவர். டூல்ஸ் பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஸ்பேனர் அல்ல, தூக்குக்குண்டு. பித்தளை தேய்ந்து, கூர் மட்டும் பளபளத்தது.

"எங்கப்பா கொத்தனாருங்க சார். அவரு குண்டு இது. நான் செவுரு கட்டப் போகல, இது மட்டும் எங்கூட வந்துருச்சு."

சேசிஸை ஜாக்கியில் ஏற்றி ரசமட்டம் பார்த்தார். பிறகு அரைமணி நேரம் வெறுமனே சுற்றிச் சுற்றி வந்தார். எதை நம்பி அளப்பது என்றுதான் பார்த்திருக்கிறார். "வெளி விளிம்பு வேண்டாமுங்க, எத்தன வாட்டி இடி வாங்குச்சோ. ஹேங்கர் பிராக்கெட்டு எவனோ கழட்டி மாட்டினது. கம்பெனியில போட்ட ஓட்டை மட்டும் நகராது." அப்படி நகராத ஓட்டைகள் நாலைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். மூலைக்கு மூலை நூல் பிடித்துச் சரிபார்த்து, நடுக்கோடு ஒன்று இழுத்தார். அதற்குப் பிறகு லாரியை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. எல்லா அளவும் தரையில்தான்.

ஹவுசிங்கை ஜாக்கியில் நிறுத்தி இரு முனையிலிருந்தும் குண்டை விட்டார். நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் சமம். முன் ஓட்டைப் புள்ளியிலிருந்து அளந்தால் இடதுபுறம் இரண்டு நூல் கூடுதல். கால் அங்குலம் தானே என்றேன். அப்படியே விட்டால் வண்டி நண்டு மாதிரி ஒருச்சாய்ந்து ஓடும், டயரைத் தின்னும் என்றார்.

பினியன் கோணத்துக்கும் அதே குண்டுதான். முதலில் சேசிஸ் மேல் மணல் மூட்டை அடுக்கி, பட்டை பாரத்தில் தணியும் அளவுக்கு இறக்கினார். கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சின் முகத்தருகே நூலைத் தொங்கவிட்டு, முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, பினியன் ஃபிளாஞ்சையும் அதே சாய்வுக்குக் கொண்டுவந்தார். இரண்டையும் இணைக்கும் தண்டின் முனைகளில் சாய்ந்த நிலையில் சுற்றும் கிராஸ் ஜாயிண்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். "முன் கிராஸ் பண்ற தப்பைப் பின் கிராஸ் சரிக்கட்டணும்" என்றார். அதற்காக நேர்க்கோட்டிலும் வைக்கக்கூடாதாம். கொஞ்சமாவது சாய்வு இருந்தால்தான் கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங் உருளும், இல்லையேல் ஒரே இடத்தில் குழி விழும். கடைசியில் பினியனின் மூக்கை ஒரு மயிரிழை தாழ்த்தினார். பாரம் இழுக்கும்போது அது தானாக மேலே எழும்புமே!

மேடைகளை டேக் வைத்து ஒட்டி, திரும்ப அளந்து, ஹவுசிங் வளையாதபடி இந்தப் பக்கம் கொஞ்சம், ஆறவிட்டு அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வெல்டிங் முடிந்தது. கிரவுன் பினியன் செட்டிங் எனக்குப் பிடிபடவில்லை, டீக்கடைக்குப் போய்விட்டேன்.

டீக்கடையில்தான் வயிறெரிந்தது. ஹவுசிங்கைக் கைகாட்டிவிட்ட புரோக்கர் விற்றவரிடமும் வாங்கினார், வாங்கியவரிடமும் வாங்கினார். இரும்பைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர் அவர். போனிலேயே முடித்த அந்த வேலைக்குக் கிடைத்தது, மேஸ்திரியின் மொத்தக் கூலியைவிட அதிகம். அது தரகு என்பதால் பேரம் இல்லை. இது கூலி என்பதால் கடைசிவரை பேரம். பொருள் இருக்கும் இடம் தெரிந்தவனுக்குத் தரும் விலையை, பொருளை வைக்கும் இடம் தெரிந்தவனுக்கு நம் ஊர் தருவதே இல்லை. மேஸ்திரியின் எடுபிடிப் பையன் அடுத்த மாதம் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகிறான். அங்கே கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் பார்க்கும், அளவு கொடுத்த வண்டிக்கு. இந்த லாரிக்கு யார் அளவு கொடுப்பது? அவன் போவதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புது யூ போல்ட் போட்டு முறுக்கியதும், கண்காட்சிக்குத்தானே, இது போதும் என்றார் உரிமையாளர். மேஸ்திரிக்கு முகம் சுண்டிவிட்டது. "நிறுத்தி வெக்கறதுக்கா இத்தன கணக்குப் பாத்தேன்? ஜல்லி ஏத்தி ஒரு நடை போயிட்டு வாங்க." சங்ககிரி வரை போய் வந்தார்கள். நாலு யூ போல்ட்டிலும் நட்டு இன்னும் கால் சுற்று ஏறியது. அதற்கு அவர் கூலி கேட்கவில்லை. உரிமையாளரும் கொடுக்கவில்லை.