சவரக்கத்தியின் முதுகும் வாயும்

ஊற்றுமலை ஜமீனின் இருப்பிடமாக விளங்கிய வீரகேரளம்புதூரிலும் அதைச் சூழ்ந்த சிற்றாற்றங்கரை ஊர்களிலும், அறுவடைக் களத்தில் அளக்கப்படும் நெல்லையே ஆண்டுக் கூலியாகப் பெற்று, முடி திருத்துவதோடு வைத்தியமும் பார்த்துவந்த மருத்துவர் சமூகத்தாரின் அடைப்பத்தில், அதாவது தொழிற்கருவிகளை வைக்கும் பையில், முதன்மையான பொருளாக இருந்தது சவரக்கத்தி. உள்ளூர்க் கொல்லர் அடித்த கத்திகளோடு, ஆங்கிலேயர் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் ஸோலிங்கனிலும் செய்யப்பட்ட மடக்குக் கத்திகளும் புழக்கத்துக்கு வந்தன. தென்னிந்தியா நெடுங்காலம் ஏற்றுமதி செய்த உருக்கின் தன்மையை 1819-இல் ஆராயத் தொடங்கிய மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து புதிய எஃகுக் கலவைகளை உருவாக்கி, அவற்றில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்கு வழங்கினார் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

சென்னையில் 1986-இல் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டதை அடுத்துப் பரவிய விழிப்புணர்வால், ஒவ்வொருவருக்கும் புது பிளேடு மாற்றும் வழக்கம் சலூன்களில் நிலைபெற்றது. அம்மாற்றம் சரியானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன்பின் பரணிலும் பெட்டியிலும் ஒதுங்கிய பழைய கத்திகளை மீட்க முயல்வோர், பெரும்பாலும் அன்பின் மிகுதியாலேயே அவற்றைக் கெடுத்துவிடுகின்றனர்.

கெடுவது எங்கே என்பதை அறிய, கத்தியின் அமைப்பை அறிதல் வேண்டும். சவரக்கத்தியின் கூரான விளிம்பை வாய் என்றும், அதற்கு எதிரே தடித்திருக்கும் பகுதியை முதுகு என்றும் வழங்குவர். கத்தியைத் தீட்டுகையில் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லின்மேல் படிந்திருக்கும் என்பதால், வாயின் கோணத்தைத் தீட்டுபவரின் கை தீர்மானிப்பதில்லை. முதுகின் தடிப்பே தீர்மானிக்கிறது. அகலம் 16 மில்லிமீட்டரும் முதுகு 4.7 மில்லிமீட்டரும் உள்ள கத்தியில் அக்கோணம் ஏறத்தாழ 17 பாகையாக அமையும். பளபளப்புக்காக முதுகைத் தேய்ப்பவர், தாம் அறியாமலேயே அந்தக் கோணத்தைக் கலைத்துவிடுகிறார்.

தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுப்பது இதனினும் பெரிய கேடு. அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் ஏற்ற அந்தச் சக்கரம், இருபுறமும் குழிவாகக் கடைந்து தாளைப்போல் மெலிந்த சவரக்கத்தியின் வாயை நொடிப்பொழுதில் சூடேற்றுகிறது. எஃகு நீலம் பாய்ந்துவிட்டால் அவ்விடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைத் தொட்டு, பதம் எனப்படும் கடினத்தன்மையை இழந்துவிட்டது என்று பொருள். இழந்த பதத்தை எந்தக் கல்லாலும் மீட்க இயலாது.

எனவே சீரமைப்பு பொறுமையோடு தொடங்க வேண்டும். செந்துருவை எண்ணெயில் ஊறவைத்து, மென்மையான உப்புத்தாளால் கையாலேயே நீக்குதல் போதுமானது. பழமையால் ஏறிய கருமை எஃகுக்குத் தீங்கு செய்யாதாகையால் அதை அப்படியே விட்டுவிடலாம். துரு அரித்த குழிகள் வாய்வரை இறங்கியிருந்தால், குழியில்லாத எஃகு தென்படும்வரை தேய்க்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கணக்கில் தீட்டியதால் நடுவில் குழிந்துபோன பழைய தீட்டுக்கல்லையும் முதலில் சமதளமாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு 1000 நம்பர் கல்லில் வாயைச் சமன்செய்து, 4000, 8000 என நுண்மையான கற்களுக்குச் செல்வது இன்றைய முறை. நீர் தெளித்த கல்லின்மேல் வாய் முன்செல்லக் கத்தியைத் தள்ளும்போது, வாய் கல்லில் முழுமையாகப் படியுமிடத்தில் நீர் மெல்லிய வரியாகக் கத்தியின்மேல் ஏறிவரும்; படியாத இடத்தில் அவ்வரி அறுந்து காணப்படும். தேர்ந்த கண் இந்த வரியைப் பார்த்தே எவ்விடத்தில் வேலை எஞ்சியுள்ளது என்று கண்டுகொள்ளும். இறுதியாகத் தோல்வாரில் முதுகு முன்செல்ல இழுப்பதால் வாயில் எஞ்சிய நுண்பிசிறு நேராகிறது. வாரில் வாயை முன்செலுத்தினால் கத்தி வாரை அறுத்துவிடும். ஒரு முனையில் பிடித்த தலைமயிர், கத்தியில் பட்டதும் இழுபடாமல் துண்டாகுமாயின் வேலை முடிந்தது.

கைப்பிடியும் கவனத்துக்குரியது. தந்தம்போல் தோன்றும் பழைய கைப்பிடிகளுள் பல செல்லுலாய்டால் ஆனவை. அது சிதையும்போது வெளிவிடும் அமில ஆவி, தன்னுள் மடங்கியிருக்கும் கத்தியையும் அருகிலுள்ள பிற கத்திகளையும் துருப்பிடிக்கச் செய்கிறது. கொம்புப் பிடிக்கு இக்குறை இல்லை.

குற்றாலச் சாரல் தென்காசி வட்டாரத்து ஊர்களையும் ஈரமாக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே இக்கத்திகளுக்குக் கொடிய காலம். ஆகையால் வீட்டில் பாட்டனார் கத்தி இருப்பவர்கள், சாரல் தொடங்குமுன் அதை ஈரம் காக்கும் தோலுறையிலிருந்து வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவி வைக்க வேண்டும்; பழைய இரும்புக்கு எடைபோடுவதையும் சாணைச் சக்கரத்தில் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.