அத்தையின் விரலில் ஐந்து முறை மை

எங்கள் தெருமுனையில் இரண்டு பெயர்ப்பலகைகள். ஒன்று புதிது. மற்றது வேப்ப மரத்தடியில் துருப்பிடித்துச் சாய்ந்து நிற்கிறது. தெருவின் பெயர் இரண்டிலும் ஒன்றுதான். வார்டு எண் மட்டும் வேறு வேறு. 2011-க்கு முன்பு சென்னை மாநகராட்சியில் 155 வார்டுகள். அந்த ஆண்டு 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என 42 உள்ளாட்சிகளை நகரத்தோடு சேர்த்தார்கள். 174 சதுர கிலோமீட்டர் 426 ஆயிற்று. வார்டுகள் 200 ஆயின. ஆனால் பழைய நகரத்தின் 155 வார்டுகள் 107-ஆகச் சுருங்கின. மீதி 93 புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்குப் போயின. எண்வரிசை இப்போது வடக்கே திருவொற்றியூர் மண்டலத்தில் தொடங்கித் தெற்கே சோழிங்கநல்லூர் மண்டலத்தில் முடிகிறது.

எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் வார்டின் கதை பாதியில் அறுந்துவிடும். அதனால் ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

*

அத்தை 1953-இல் பிறந்தவர். இதே தெருவில்தான் பிறந்தார், இங்கேயே இருக்கிறார். அன்று ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். அவருக்கு 21 ஆனது 1974-இல். மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது 1973 டிசம்பரில்.

“வார்டு ஓட்டுன்னா எங்கப்பா போயிட்டுப் போட்டுட்டு வருவாரு. எனக்கு வயசு வந்தப்போ ஓட்டே இல்லடா.”

அடுத்த மாநகராட்சித் தேர்தல் 1996 அக்டோபரில் வந்தது. அத்தையின் முதல் வார்டு ஓட்டு 43 வயதில். இடையில் அவர் எம்எல்ஏ தேர்தல், எம்பி தேர்தல் எல்லாவற்றிலும் ஓட்டுப் போட்டிருக்கிறார். தெருவில் சாக்கடை அடைத்தால் யாரிடம் போவது என்பதற்கான ஓட்டுதான் கிடைக்கவில்லை.

*

1973-இல் கலைத்ததற்குச் சொன்ன காரணம் மஸ்டர் ரோல் ஊழல். வேலைக்கே வராதவர்களின் பெயரை வருகைப் பட்டியலில் எழுதிக் கூலி எடுத்தார்கள் என்பது புகார். குற்றம் பெரிதுதான். தண்டனை வாங்க வேண்டியவர்கள் வாங்கட்டும். ஆனால் அதற்காக ஒரு நகரத்து மக்களின் ஓட்டை 23 வருடம் நிறுத்தி வைத்ததை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. அந்த 23 வருடத்தில் திமுகவும் ஆண்டது, அதிமுகவும் ஆண்டது, குடியரசுத் தலைவர் ஆட்சியும் வந்து போனது. மன்றக் கூடம் மட்டும் தனி அதிகாரியின் பொறுப்பில் இருந்தது.

*

தாத்தா போட்ட ஓட்டைப் பற்றி. வீட்டில் அடிக்கடி பேசப்படும் தேர்தல் 1959. நகரில் அப்போது 100 வார்டுகள். திமுக 45 இடம் பிடித்தது, அ.பொ. அரசு அக்கட்சியின் முதல் மேயரானார். சட்டமன்றத்தில் 15 பேர் மட்டும் இருந்த கட்சி அன்று. கோட்டைக்குப் போன பாதை ரிப்பன் மாளிகை வழியாகத்தான் போனது என்று தாத்தா சொல்வாராம். சரியான கணிப்பு. எட்டே ஆண்டில், 1967-இல், அது நடந்தது. தெருத்தெருவாக ஆள் பிடித்து வளர்ந்த கட்சிக்கு வார்டு எத்தனை பெரிய பள்ளிக்கூடம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த நாளில் மேயர் பதவி ஓராண்டு. கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்கள். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் என்று இரண்டு பெண்கள் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார்கள்.

*

1996. மாநகராட்சிப் பள்ளியில் சாவடி. அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் இரண்டு வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். ஒன்று கவுன்சிலருக்கு, ஒன்று மேயருக்கு. சீட்டை எப்படி மடிப்பது என்று தெரியாமல் உள்ளே நின்றுவிட்டார். குத்திய மை மறுபக்கம் ஒட்டிச் செல்லாத ஓட்டாகிவிடுமோ என்று பயம். வெளியே வந்து வீடு வரை விரலை உயர்த்தியே பிடித்துக்கொண்டு நடந்தார். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயராக மு.க. ஸ்டாலின் வந்தார்.

அந்தத் தேர்தலைக் கொண்டு வந்தது அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம். 1993 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை நகராட்சித் தேர்தல் கட்டாயம் என்றது, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது.

*

அத்தையின் கைக்கு வந்த ஓட்டுகள்: 1996-இல் இரண்டு. 2001-இல் இரண்டு. 2006-இல் ஒன்று, ஏனென்றால் மேயரை மறுபடி கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றினார்கள். 2011-இல் இரண்டு. பிறகு 2016-இல் சட்டம் மறைமுகத் தேர்தலுக்குத் திரும்பியது, 2018-இல் நேரடி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். 2022-இல் ஒன்று.

எந்த முறை நல்லது என்று வாதாட இரண்டு பக்கமும் காரணம் உண்டு. ஆளுக்கு ஆள், கட்சிக்குக் கட்சி, வெற்றி வாய்ப்பைப் பார்த்து மாற்றுவது மட்டும் தவறு.

2006 ஓட்டுப்பதிவு நாளின் வன்முறையைத் தனியாக எழுத வேண்டும். வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2007 பிப்ரவரியில் பல வார்டுகளில் மறுபடி தேர்தல் நடந்தது. எங்கள் வார்டு அதில் இல்லை.

*

2016 அக்டோபர் 3. வேட்புமனுத் தாக்கல் முடிந்தது. எங்கள் தெருவில் சுவரெழுத்துக்கு வெள்ளையடித்து இடம் பிடித்துவிட்டார்கள். மறுநாள், 4-ஆம் தேதி, தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அக்டோபர் 24-உடன் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த கவுன்சிலர் பதவியேற்றது 2022 மார்ச் 2. ஐந்து ஆண்டு, நான்கு மாதம்.

அந்த இடைவெளியில் என்னவெல்லாம் நடந்தது! 2018-இல் சொத்து வரியை வீடுகளுக்கு 50 சதவீதம் வரை உயர்த்தி அறிவித்தார்கள். 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். 2019 கோடையில் குடிநீருக்குக் குடத்தோடு வரிசை. 2020-இல் கொரோனா, தெருவை மறித்துத் தகரத் தடுப்பு. மன்றம் எடுக்க வேண்டிய முடிவையெல்லாம் தனி அதிகாரி எடுத்தார். அதிகாரிகள் பலர் ராப்பகலாக உழைத்ததைக் கண்ணால் பார்த்தேன், மறுக்க மாட்டேன். ஆனால் தகரம் அடித்த தெருவில் அத்தைக்கு மாத்திரை வேண்டும் என்றால் கதவைத் தட்டிக் கேட்க ஒருவர் வேண்டுமே. சொத்து வரி 2022-இலும் ஏறியது. அப்போது கேட்பதற்கு ஒரு முகம் இருந்தது.

*

2022 பிப்ரவரி 19. 200 வார்டில் திமுக 153, அதிமுக 15, காங்கிரஸ் 13. மேற்கு மாம்பலத்தின் 134-வது வார்டில் பாஜகவுக்கு ஓர் இடம். சுயேச்சைகள் ஐந்து பேர். 74-வது வார்டில் வென்ற ஆர். பிரியா, 28 வயதில், நகரின் முதல் தலித் பெண் மேயரானார். 1688-இல் தொடங்கிய மாநகராட்சி அது. இந்தச் செய்தியை அத்தைக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

ஓட்டுப் பதிவு 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சென்னைக்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதினார்கள். நான் ஒப்பவில்லை. பொங்கல் தேதி தெரியாமல் பத்து வருடம் கழித்து ஒரு நாள் வந்தால் யார் வீட்டில் பானை தயாராக இருக்கும்? ஓட்டும் பழக்கம்தான். அதை முறித்தது வாக்காளர் இல்லை.

*

கணக்கு. 1973 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 48 ஆண்டுகள். அதில் கவுன்சிலர் இருந்தது 20 ஆண்டுகள். இல்லாதது 28.

இப்போதைய மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். வார்டு வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று என்ன காரணம் சொன்னாலும், இந்த ஒரு தேதியை உங்கள் வட்டச் செயலாளரிடமும் கவுன்சிலரிடமும் இப்போதே கேட்டு வையுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அத்தை நேற்றே பார்க்கச் சொல்லிவிட்டார்.