31வது முட்டை
1/ நாமக்கல் பக்கம் என் கிளினிக். டோக்கன் பதிவுக்கு நானே சி மொழியில ஒரு புரோகிராம் எழுதினேன். முட்டை அட்டை மாதிரி கரெக்டா 30 இடம்.

2/ காய்ச்சல் சீசன்ல 31வது ஆள் வந்தார். சி எல்லை பார்க்காது. பக்கத்து நினைவிடத்துல எழுதிடுச்சு. அங்க இருந்தது ஒரு பாட்டியோட பென்சிலின் அலர்ஜி குறிப்பு. பாட்டியே சொன்னதால தப்பிச்சோம்.

3/ அப்புறம்தான் மால்லாக், ரீஅல்லாக் கத்துக்கிட்டேன். ஆள் கூடினா ரீஅல்லாக் பெரிய இடம் கேட்கும்; தேவைன்னா எல்லாத்தையும் வேற இடத்துக்கு மாத்திடும். பழைய முகவரியைத் தொடக்கூடாது. இடம் இல்லைன்னா 'நல்' வரும், அதைப் பார்க்கணும்.

4/ வேலை முடிஞ்சா ஃப்ரீ. டிஸ்சார்ஜே பண்ணாத வார்டு என்னாகும்?

5/ இப்பவும் அலர்ஜியை வாயால கேட்காம ஊசி எடுக்கறதில்ல மக்களே.