ஆறரை மலை!

எங்கள் ஊருக்குப் பெயர் கொடுமுடி. அதாவது சிகரம்! ஆனால் ஊருக்குள் மருந்துக்குக்கூட ஒரு மலை கிடையாது. தண்ணீர் டாங்க் மேல் ஏறி நின்றால் அதுதான் எங்கள் எவரெஸ்ட்.

ஆதிசேஷனுக்கும் வாயுவுக்கும் பலப்பரீட்சை வந்து, மேருமலை உடைந்து ஐந்து துண்டாகச் சிதறியதாம். திருவண்ணாமலை, ரத்தினகிரி, ஈங்கோய்மலை, பொதிகை என்று நாலு துண்டுகள் கம்பீரமாக மலையாகவே நிற்க, ஐந்தாவதான வைரத் துண்டு மட்டும் காவிரிக் கரையில் விழுந்து, மகுடேஸ்வரர் கோயிலுக்குள் சின்ன லிங்கமாக உட்கார்ந்துவிட்டது. இதுதான் தல புராணம். நாங்கள் மலையைச் சுருக்கி உள்ளே வைத்துக்கொண்ட ஆட்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்து, ஈரோட்டில் பத்து வருஷமாக ஆபீஸ் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் நான், சென்ற பிப்ரவரியில் "வெள்ளிங்கிரி ஏறப் போறேன், தனியா" என்று அறிவித்தபோது செக்‌ஷனே சிரித்தது.

"உச்சியில நின்னு ஒரு போட்டோ அனுப்புங்க சார், நம்பறோம்" என்றான் பக்கத்து சீட் பையன். இரண்டாவது மாடிக்கே நான் லிஃப்டுக்குக் காத்திருப்பதை தினமும் பார்க்கிறவன்.

ஆபீஸில் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அப்பா.

வருஷம் தவறாமல் சித்திரையில் வெள்ளிங்கிரி போய் வருவார். வீட்டுக் கதவிடுக்கில் அவர் கொண்டுவந்த மூங்கில் தடிகள் ஒரு கட்டு சேர்ந்திருக்கிறது. "வாடா சாமி, ஒருக்கா" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு ஆடிட்டிங் இருந்தது, அல்லது இருப்பதாகச் சொன்னேன். இப்போது அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. "இந்த வருசம் நீ போயி ஆண்டி சுனையில ஒரு பாட்டல் தண்ணி புடிச்சுட்டு வந்துரு. மேகம் எறங்குச்சுன்னா வீறாப்புப் பண்ணாத, திரும்பிரு" என்றார்.

"சாமியப் பாத்துட்டு வாடான்னு சொல்றத உட்டுப்போட்டு, தண்ணி கேக்கறாரு பாரு!" என்றார் அம்மா.

பொதுவாக ராத்திரியில்தான் ஏறுவார்கள். எனக்கு இருட்டென்றால் கொஞ்சம்... சரி, விடுங்கள். காலை ஆறு மணிக்குப் பூண்டி அடிவாரம். வனத்துறைக்காரர் பையைக் கிளறி, பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். பாட்டிலைக் கீழே கொண்டுவந்து காட்டினால் பணம் வாபஸ். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் படித்தேன். அந்த மலையில் வருஷா வருஷம் உயிர் போகிறது. அதில் என்னைவிடச் சின்னப் பையன்களும் உண்டு. நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அடித்தது.

முதல் மலை முழுக்கப் படிக்கட்டு. நூறு படியிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இறங்கி வந்த ஒரு பெரியவர் நின்றார்.

"ஏந்தம்பி, ஒத்தையிலயா?"

தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

"ஏறறப்பப் பேச்சு வரோணுமுங்க. பேச முடியலீன்னா உக்காந்துக்கோணும். அவ்வளவுதானுங்க கணக்கு."

அருமையான கணக்கு. ஆனால் தனியாக வந்தவன் யாரோடு பேசுவது? வெள்ளை விநாயகர் வரும்வரை பதினேழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஏறினேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மேலே போகப் போக மரங்கள் குறைந்து புல்வெளி. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்; இங்கே மப்ளரைத் துளைத்து, காதைத் துளைத்து, மூளைக்குள்ளேயே போய்விட்டது. ஐரோப்பாக்காரனுக்குப் பனி என்றால் முழங்கால் ஆழத்துக்கு வெள்ளையாகக் கொட்டுவது. நமக்கு இதுவே தாராளம். வாயைத் திறந்தால் பீடி இல்லாமலே புகை வந்தது.

ஆண்டி சுனை. கையை விட்டேன், மணிக்கட்டு வரை மரத்துவிட்டது. சிலர் அதில் குளித்துக்கொண்டிருந்தார்கள். (அவர்கள் வேறு ஜாதி மனிதர்கள்.) அள்ளி ஒரு வாய் குடித்தேன்.

சொல்லத் தெரியவில்லை. ருசி என்று ஒன்றுமே இல்லாத ருசி.

நொய்யல் ஆறு பிறப்பது இந்த வெள்ளிங்கிரி மலைத்தொடரில்தான். கோயமுத்தூர், திருப்பூரைத் தாண்டி எங்கள் கொடுமுடிக்குக் கொஞ்சம் கீழே, நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேருகிறது. அந்த நொய்யலோரத்தில்தான் அப்பாவின் இரண்டு ஏக்கர். 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். அதில் வந்து நின்றது சாயத் தண்ணீர். அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சிய அதிசயம் வேறெங்காவது உண்டா? எங்கள் கிணறும் உப்பாயிற்று. தென்னை தலை சாய்ந்தது. "ஆத்துல கைய வெக்காதடா" என்று அடி வாங்கி வளர்ந்தவன் நான். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அப்பா அந்தப் பேப்பரை மடித்துப் பெட்டியில் வைத்தார். ஆனால் தோட்டம் அதற்கு முன்பே கைமாறிவிட்டது.

பாட்டிலை நிறைத்து மூடியை இறுக்கினேன்.

ஏழாவது மலை செங்குத்து. பாதி ஏறியிருப்பேன், கேரளப் பக்கமிருந்து மேகம் வந்தது. வந்தது என்றால், முன்னால் போனவரின் சிவப்புத் துண்டு கண்ணெதிரே அழிந்தது. தொடை வெடவெடவென்று ஆடியது. பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் குரல் நின்றுவிட்டது.

உட்கார்ந்தேன். கால் மணி, அரை மணி. மேகம் கலைகிற வழியாக இல்லை. அந்த வெள்ளையில் எங்கே நின்று போட்டோ எடுத்தாலும் உச்சி மாதிரிதான் இருக்கும் என்ற ஞானம் அப்போதுதான் பிறந்தது. எடுத்தும் விட்டேன்! பிறகு பையில் இருந்த பாட்டில் முதுகில் சில்லென்று இடித்தது. திரும்பினேன்.

இறங்குவதுதான் நிஜமான தண்டனை. மூன்று நாள் கழித்தும் மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். போட்டோவை "ஆறரை மலை" என்று எழுதியே அனுப்பினேன். "மீதி அரைக்கு அரியர்ஸ் போடுங்க சார்" என்று பதில் வந்தது.

வீட்டில் அம்மா, "சாமியப் பாத்தியா?" என்றார். இல்லை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. டம்ளரில் ஊற்றி, ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி நாக்கில் நிறுத்தினார்.

"அப்படியேதான் இருக்குது" என்றார்.

மூடியை இறுக்கும்போது ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. "இருவது ரூவாயத் திருப்பி வாங்கினியா?"

"வாங்கிட்டேனுங்ப்பா."

"அதான பாத்தேன்."